பிரமிடோடு திரும்பிவிடாதீர்கள்: எகிப்துப் பயணம் நடத்தும் தமிழ் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எகிப்துக்கு ஆட்களைத் திரட்டி அழைத்துப் போகும் தமிழ்ப் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் மூன்று வகையினர் இருக்கிறீர்கள். எகிப்து, இஸ்ரேல், ஜோர்டான் என்று புனித பூமிப் பயணம் நடத்துகிறவர்கள் ஒரு வகை. ஸியாரத்துக்காக, அதாவது இஸ்லாமியப் பெரியோர் அடங்கிய இடங்களைத் தரிசிக்க, அழைத்துப் போகிறவர்கள் இன்னொரு வகை. பிரமிடு, நைல் படகு, லக்சர் என்று பொதுச் சுற்றுலா நடத்துகிறவர்கள் மூன்றாவது. வாட்ஸ்அப்பில் வந்துசேரும் உங்கள் துண்டுப் பிரசுரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் கெய்ரோ மட்டும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கிறது. காலையில் கீசா. அப்புறம் பாப்பிரஸ் கடை, வாசனைத் தைலக் கடை. மதியம் அருங்காட்சியகம், அல்லது பழைய தேவாலயங்கள், அல்லது ஹுஸைன் பள்ளிவாசல். மாலையில் ‘கான் அல்-கலீலி ஷாப்பிங்’, ஒன்றரை மணி நேரம். அதோடு பேருந்து கிளம்பிவிடும்.

நானும் அப்படி ஒரு குழுவில் போனவன்தான். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. பாப்பிரஸ் கடையில் உட்காரவைத்து டீ கொடுத்துக் கழித்த நேரத்தில் பாதியைக்கூட ஆயிரம் ஆண்டு பழைய ஒரு நகரத்துக்குக் கொடுக்கவில்லை. கடைக்காரரிடம் உங்களுக்குக் கமிஷன் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே, அதில் எனக்குப் பொறாமை இல்லை. என் வேண்டுகோள் ஒன்றுதான்: அந்த ஒன்றரை மணி நேரக் கடைவீதியை ஒரு முழு நாளாக்குங்கள். நீங்கள் பேருந்தை நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே அல்-முயிஸ் தெரு ஓடுகிறது. வடக்கே பாப் அல்-ஃபுதூஹ் வாயிலிலிருந்து தெற்கே பாப் ஸுவைலா வாயில் வரை ஒரு கிலோமீட்டர் சொச்சம். இடைக்கால இஸ்லாமியக் கட்டடக் கலையை இவ்வளவு நெருக்கமாக ஒரே தெருவில் பார்க்க உலகத்தில் வேறு இடம் தேடுவது கஷ்டம். 1979-லேயே யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

உங்கள் வழிகாட்டிகள் இதை ‘பழைய பஜார் ஏரியா’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆனால் இது பஜாராகப் பிறந்த இடமே கிடையாது. துனிசியப் பக்கத்திலிருந்து வந்த ஃபாத்திமியரின் தளபதி ஜவ்ஹர் 969-இல் எகிப்தைப் பிடித்ததும், தன் கலீஃபா அல்-முயிஸுக்காக மதில் கட்டி எழுப்பிய அரச நகரம் இது. கலீஃபா 973-இல் வந்து குடியேறினார். கிழக்கே பெரிய அரண்மனை, மேற்கே சிறிய அரண்மனை, நடுவில் படை அணிவகுக்கும் திடல். அல்-அஸ்ஹர் பள்ளிவாசலும் அப்போது எழுந்ததுதான். சாதாரண ஜனங்கள் தெற்கே ஃபுஸ்தாத்தில் இருந்தார்கள், இங்கே அவர்கள் நினைத்தபடி நுழைய முடியாது. ஃபாத்திமியர் ஷியாக்களில் இஸ்மாயிலி பிரிவினர். 1171-இல் ஸலாஹுத்தீன் அந்த ஆட்சியை முடித்துவைத்தார், கொஞ்ச காலத்தில் குன்றின் மேல் புதிய கோட்டையும் கட்டத் தொடங்கினார். அரண்மனைகள் துண்டு துண்டாகக் கைமாறின. ஊர் ஜனங்கள் உள்ளே வந்தார்கள், கடைகள் முளைத்தன. அதிகாரம் கோட்டைக்குப் போனபின்னும் ஊர்வலம் போகும் வீதி இதுவாகவே இருந்தது. அதனால் பின்னால் வந்த ஒவ்வொரு சுல்தானுக்கும் இந்தத் தெருவில் தன் பெயருக்கு ஒரு முகப்பு வேண்டும் என்ற ஆசை. அந்தப் போட்டியைத்தான் நாம் இன்று நடந்து பார்க்கிறோம்.

வடக்கிலிருந்து தொடங்குங்கள். பேருந்தை மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு வாயில் வழியாகவே உள்ளே போகலாம். முதலில் ஜவ்ஹர் கட்டியது மண் செங்கல் மதில். இன்று நிற்கும் கல்மதிலையும் வாயில்களையும் 1087-க்கும் 1092-க்கும் இடையில் எழுப்பியவர் பத்ர் அல்-ஜமாலி என்ற வஸீர், அதாவது தலைமை அமைச்சர். பிறப்பால் ஆர்மீனியர். வாயில்களைக் கட்டியவர்கள் எடெஸ்ஸாவிலிருந்து (இன்றைய துருக்கியில் இருக்கிறது) வந்த மூன்று சகோதரர்கள் என்று வரலாற்றாசிரியர் அல்-மக்ரீஸி எழுதுகிறார். இதே தெருக்களில் பிறந்து வளர்ந்து, 15-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவைச் சந்து சந்தாகப் பதிவுசெய்தவர் அவர். பாப் அல்-ஃபுதூஹின் கோபுரங்கள் உருண்டையானவை, பக்கத்தில் பாப் அந்-நஸ்ரின் கோபுரங்கள் சதுரமானவை. சதுரக் கோபுரங்களில் கேடயங்களும் வாள்களும் செதுக்கியிருப்பதைக் காட்டாமல் விட்டுவிடாதீர்கள். பொதுச் சுற்றுலாக்காரர்களுக்கு இன்னொரு விஷயம்: ‘ஃபாரோவைப் பார்க்கத்தானே வந்தோம்’ என்று முணுமுணுக்கிறவர்கள் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள். அவர்களை இந்த மதிலுக்கு உள்ளே கூட்டிப் போங்கள். பழைய எகிப்தியச் சித்திர எழுத்துள்ள கற்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து மதிலில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் அல்-ஹாக்கிம் பள்ளிவாசல். 990-இல் தொடங்கி 1013-இல் முடித்தது. 1303 நிலநடுக்கத்தில் இதன் மினாராக்களின் தலை போய், வேறு மாதிரி தலை வைத்துக் கட்டினார்கள். அதன்பின் இந்தப் பள்ளிவாசல் படாத பாடு பட்டது. நெப்போலியன் படை இங்கே தங்கியது. இஸ்லாமியக் கலை அருங்காட்சியகமாகவும் கொஞ்ச காலம் இருந்தது. பாழடைந்து கிடந்ததை 1980-இல் புதுப்பித்தவர்கள் நம் நாட்டு தாவூதி போரா சமூகத்தினர். ஃபாத்திமிய கலீஃபாக்களைத் தங்கள் இமாம்களாகக் கருதுகிறவர்கள் அவர்கள். இந்தியப் பிரதமர் 2023 ஜூனில் கெய்ரோ போனபோது இந்தப் பள்ளிவாசலுக்கு வந்ததும் அந்தத் தொடர்பால்தான். வெள்ளைப் பளிங்குத் தரையும் பளபளப்பும் கட்டடத்தின் வயதை மறைத்துவிட்டன என்று பழமைப் பாதுகாப்பு நிபுணர்கள் குறைசொல்கிறார்கள். எனக்கும் அது கொஞ்சம் அதிகமாகவே தெரிகிறது. ஆனாலும் இடிந்து விழ இருந்ததில் இன்று தொழுகை நடக்கிறது, குழந்தைகள் முற்றத்தில் ஓடுகின்றன. வயதானவர்களை உட்காரவைக்க நல்ல இடம்.

கொஞ்சம் தெற்கே இடப்பக்கமே அல்-அக்மர் வரும். இங்கே அவசரப்படாதீர்கள். 1125-இல் கட்டிய சின்னப் பள்ளிவாசல், பார்த்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் போலிருக்கும். கெய்ரோக் கட்டடக் கலையின் முக்கியமான தந்திரம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பள்ளிவாசலின் உள்பக்கம் கிப்லாவை, அதாவது மக்காவின் திசையை, நோக்கியிருக்க வேண்டும், அதில் சமரசம் கிடையாது. தெருவோ அந்தத் திசைக்கு ஒத்துப்போகாமல் சாய்ந்து ஓடுகிறது. அதுவரை பள்ளிவாசல்கள் தெருவைப் பற்றிக் கவலைப்படவில்லை. அல்-அக்மரைக் கட்டியவர் முகப்பைத் தெருவோடு சேர்த்து வைத்தார், உள்ளே கூடத்தை மக்காவின் பக்கம் திருப்பினார். இரண்டுக்கும் நடுவில் விழுந்த கோண வித்தியாசத்தைச் சுவரின் கனம் விழுங்கிக்கொண்டது. ஒரு முனையில் மெல்லியதாகத் தொடங்கும் சுவர் மறு முனையில் தடித்துப் போகிறது. வாசலில் நின்று அந்தக் கனத்தைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். முகப்பில் சிப்பி விரிந்ததுபோலச் செதுக்கிய கல்வளைவும், நடுவில் முஹம்மது, அலி பெயர்கள் பொறித்த வட்டமும் உண்டு. இதற்குப் பிறகு ஆண்ட மம்லூக் சுல்தான்களின் கட்டடங்கள் எல்லாமே இந்தக் கோணக் கணக்கை ஒவ்வொரு விதமாகத் தீர்த்தவைதான். வழிகாட்டி இதை ஒருமுறை விளக்கிவிட்டால் போதும். அப்புறம் ஒவ்வொரு வாசலிலும் நடை ஏன் வளைந்து வளைந்து போகிறது என்று உங்கள் ஆட்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

வெயில் ஏறும் நேரத்துக்கு அருகிலேயே தர்ப் அல்-அஸ்ஃபர் சந்தில் பைத் அஸ்-ஸுஹைமி இருக்கிறது. 1648-இல் கட்டி, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் விரித்த வணிகர் வீடு. உள்முற்றம், கடைசல் மரத்தில் பின்னிய மஷ்ரபிய்யா சன்னல்கள், வட காற்றைப் பிடித்து உள்ளே இறக்கும் கூரைப் பொறி எல்லாம் உண்டு. இரண்டு முற்றங்களுக்கு நடுவில் ஒரு திறந்த கூடம் வைத்திருக்கிறார்கள். நிழலான முற்றத்துக் குளிர்ந்த காற்று வெயில் முற்றத்தை நோக்கி ஓடும்போது நடுவில் இருக்கிறவர் மேல் வீசும். மின்விசிறியே வேண்டாம். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் உங்கள் குழுவில் இருந்தால் அவர்களை இங்கிருந்து கிளப்புவது சிரமம்.

மறுபடி தெருவுக்கு வந்தால் சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் அப்துர் ரஹ்மான் கத்ஹுதா 1744-இல் கட்டிய ஸபீல்-குத்தாப் நிற்கிறது. கீழே வழிப்போக்கர்களுக்கு இலவசத் தண்ணீர், மேலே பிள்ளைகளுக்கு ஓதவும் எழுதவும் பள்ளி. நம்மூர்த் தண்ணீர்ப் பந்தலின் மேல் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தைத் தூக்கி வைத்ததுபோல. கெய்ரோவில் இந்த ஜோடியை மூலைக்கு மூலை பார்க்கலாம்.

அடுத்து அந்தப் பழைய அணிவகுப்புத் திடல். மதியம் முழுவதையும் இங்கே கொடுத்தாலும் தகும். மேற்கு அரண்மனை நின்ற இடத்தில் சுல்தான் கலாவூன் 1284–85-இல் தன் மக்பரா (கல்லறை மாடம்), மதரஸா (சமயக் கல்விக்கூடம்), மருத்துவமனை மூன்றையும் ஒரே தொகுதியாக எழுப்பினார். ஆயிரம் தீனாருக்கு விலைக்கு வாங்கப்பட்ட அடிமைப் படைவீரராகத் தொடங்கி சுல்தான் ஆனவர் அவர். 1250 முதல் 1517 வரை எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் கதையே அதுதான். இளமையில் டமாஸ்கஸ் மருத்துவமனை ஒன்றின் வைத்தியத்தால் பிழைத்தவர், ஆட்சிக்கு வந்தால் இப்படி ஒன்று கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டாராம். ஆண், பெண், பணக்காரர், ஏழை, உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் எல்லோருக்கும் இலவசம். காய்ச்சலுக்கு, கண்ணுக்கு, அறுவைக்கு, வயிற்றுப்போக்குக்கு என்று தனித்தனிக் கூடங்கள். நுரையீரல் வழியாக ரத்தம் சுற்றுவதை எழுதிவைத்த இப்னு அந்-நஃபீஸ் 1288-இல் இறந்தபோது தன் வீட்டையும் நூல்களையும் இந்த மருத்துவமனைக்கே விட்டுப்போனார். இன்றும் அந்த வளாகத்தில் ஒரு கண் மருத்துவமனை இருக்கிறது.

இதைப் புகழ்ந்து மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஒன்றேகால் ஆண்டுக்குள் இத்தனை பெரிய வேலை முடிந்தது எப்படி? மங்கோலியக் கைதிகளை வைத்தும், தெருவில் போனவர்களைப் பிடித்துக் கல் சுமக்கவைத்தும்தான். பறித்த உழைப்பில் எழுந்த இடத்தில் தொழுவது சரியா என்று அன்றைய ஆலிம்கள் சிலரே கேட்டார்கள். இதையும் நமக்குச் சொல்பவர் அல்-மக்ரீஸிதான். பெருமையும் கொடுமையும் ஒரே சுவரில் இருப்பதை உங்கள் பயணிகள் தாங்கிக்கொள்வார்கள், கவலைப்படாதீர்கள். உள்ளே போய் மக்பராவின் கூரையை அண்ணாந்து பார்த்ததும் அரை மணி நேரம் யாரும் பேசப்போவதில்லை.

இலங்கையிலிருந்து குழு வந்தால் கலாவூன் வாசலில் அவர்களுக்கென்று ஒரு கதை உண்டு. 1283-இல், இந்தக் கட்டடத்துக்கு முந்தைய ஆண்டில், யாப்பகூவையிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு கலாவூனின் அரசவைக்குத் தூதர்களை அனுப்பினார். கொண்டுவந்த மடலைக் கெய்ரோவில் யாராலும் படிக்க முடியவில்லை, தூதர்களே வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. முத்து, ரத்தினம், யானை, கறுவா எல்லாம் எங்களிடம் இருக்கிறது, நேரடியாக வியாபாரம் செய்யலாம் என்பதுதான் சாரம். அது பெரிதாக முன்னேறவில்லை. சில ஆண்டுகளில் பாண்டியப் படை யாப்பகூவைக்கே வந்துவிட்டது.

ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும்: இத்தனை சுல்தான்களும் அமீர்களும் (படைத் தலைவர்கள்) ஏன் மதரஸாவாகவும் மருத்துவமனையாகவும் கட்டித் தள்ளினார்கள்? பக்தி ஒரு காரணம், பெயர் நிற்கவேண்டும் என்ற ஆசை இன்னொன்று. மூன்றாவது காரணம் கொஞ்சம் சாமர்த்தியமானது. மம்லூக் அமீரின் பதவியும் மானிய நிலமும் பிள்ளைக்குப் போகாது, இறந்தால் சொத்தைச் சுல்தான் பறிக்கவும் கூடும். ஆனால் வக்ஃபு, அதாவது அறக்கொடை, ஆக்கிய சொத்தில் கைவைப்பது கடினம். அதனால் மதரஸா கட்டி, கடைகளையும் நிலங்களையும் அதற்கு எழுதிவைத்து, நிர்வாகத்தைத் தன் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவார்கள். தர்மமும் நடக்கும், குடும்பமும் பிழைக்கும்.

புனித பூமிப் பயணக்காரர்களே, உங்களுக்கான வாசல் கலாவூனின் மகன் அந்-நாஸிர் முஹம்மதின் மதரஸா. கலாவூன் தொகுதிக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. அதன் வாசற்கல்லைப் பார்த்ததும் ‘இது தேவாலய வாசல் மாதிரி இருக்கிறதே’ என்று யாராவது சொல்வார்கள். தேவாலய வாசலேதான். 1291-இல் சிலுவைப் போராளிகளிடமிருந்து ஆக்கா நகரம் விழுந்தபோது அங்கிருந்த தேவாலயம் ஒன்றிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது. அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் வந்து இறங்கும் பித்தொலோமாய் பட்டணம்தான் அந்த ஆக்கா. உங்கள் பயணிகள் இங்கிருந்து இஸ்ரேலுக்குத்தான் போகப்போகிறார்கள். அந்த ஊரின் வாசலை முன்கூட்டியே கெய்ரோவில் காட்டும் வாய்ப்பை ஏன் விடுகிறீர்கள்?

ஸியாரத் குழுக்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் வருத்தம் அதிகம். ஹுஸைன் பள்ளிவாசலுக்கும் அல்-அஸ்ஹருக்கும் தவறாமல் வருகிறீர்கள். தெற்கு மையவாடியில் (அடக்கத்தலத்தில்) இமாம் ஷாஃபிஈ அடங்கியிருக்கும் 1211-ஆம் ஆண்டுக் குவிமாடக் கட்டடத்துக்கும் போகிறீர்கள். காயல்பட்டினம், கீழக்கரை ஆட்கள் ஷாஃபிஈ மத்ஹபுக்காரர்கள் (மத்ஹபு என்றால் இஸ்லாமியச் சட்ட மரபு), போகாமல் இருப்பார்களா? ஆனால் ஹுஸைன் பள்ளிவாசலிலிருந்து சில நிமிட நடையில் ஸாலிஹிய்யா மதரஸா இருக்கிறது. 1240-களில், நான்கு மத்ஹபுகளையும் ஒரே கட்டடத்தில் கற்பிக்க எகிப்தில் எழுந்த முதல் மதரஸா. அதைக் கட்டிய சுல்தான் அஸ்-ஸாலிஹ் அய்யூபுக்குப் பக்கத்திலேயே மக்பரா எழுப்பியவர் அவர் மனைவி ஷஜர் அத்-துர். 1250-இல் சில வாரங்கள் எகிப்தின் அரியணையிலேயே அமர்ந்த பெண். அவர் பெயரைக் கேள்விப்படாமலே எத்தனை தாய்மார்கள் அந்தச் சுவரைத் தாண்டிப் போயிருப்பார்கள்! பழைய மையவாடிகளில் சாலைகளுக்காகக் கபர்க் கட்டடங்களை இடித்துவருகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பார்க்க இருப்பதை இருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது.

சரி, கான் அல்-கலீலிக்கு வருவோம். ஷாப்பிங்கை நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தினால் உங்களை யாரும் மன்னிக்க மாட்டார்கள். ஆனால் பேரம் பேசும் முன் நிற்கும் இடம் எது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இது ஃபாத்திமிய கலீஃபாக்களின் குடும்ப மையவாடி இருந்த இடம். 1380-களில் ஜர்கஸ் அல்-கலீலி என்ற அமீர் இங்கே வணிக விடுதி கட்ட, எலும்புகளைத் தோண்டி ஊருக்கு வெளியே குப்பை மேட்டில் கொட்டினார்கள். 1511-இல் சுல்தான் அல்-கூரி மறுபடி கட்டினார், அவருடைய உயரமான கல்வாயில்கள் இன்றும் கடைகளுக்கு நடுவில் நிற்கின்றன. காந்தப் பிரமிடு பொம்மை வாங்கும்போது தலையைத் தூக்கினால் தெரியும்.

அந்த அல்-கூரியின் சொந்தக் கட்டடங்கள் இன்னும் தெற்கே, பிற்காலத்தில் குறுக்கே வெட்டிய அல்-அஸ்ஹர் சாலையைத் தாண்டியதும் வரும். மலபார் மிளகு செங்கடல் வழியாக இந்த ஊருக்கு வந்து ஐரோப்பாவுக்குப் போன காலத்தின் கடைசிப் பெரிய சுல்தான் அவர். வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக்கு வந்தபின் அந்த வருமானம் ஆட்டம் கண்டது. அல்-கூரி இந்தியக் கடலுக்குக் கப்பற்படையே அனுப்பினார், 1509-இல் டையூவில் அது போர்த்துக்கீசியரிடம் தோற்றது. 1516-இல் துருக்கி உஸ்மானியரோடு நடந்த போரில் அவரும் மடிந்தார். உடல் கிடைக்கவில்லை, தனக்கென்று கட்டிய மக்பராவில் அவர் இல்லை. பக்கத்தில் அவருடைய வணிக விடுதி முழுசாக நிற்கிறது: கீழே சரக்கு, மேலே வணிகர்கள் தங்கும் அறைகள், நடுவில் முற்றம்.

பாப் ஸுவைலாவில் நடை முடியும். 1415 வாக்கில் தொடங்கிய அல்-முஅய்யத் பள்ளிவாசலின் இரண்டு மினாராக்கள் பழைய வாயில் கோபுரங்களின் மேலேயே ஏறி நிற்கின்றன. முன்பு அந்த இடத்தில் இருந்த சிறையில் கிடந்தவர் அல்-முஅய்யத். சுல்தான் ஆனதும் சிறையை இடித்துவிட்டுப் பள்ளிவாசல் கட்டினார். கடைசி மம்லூக் சுல்தான் தூமான் பேயை 1517-இல் தூக்கிலிட்டதும் இந்த வாயிலில்தான். டிக்கெட் வாங்கிக்கொண்டு மினாராவில் ஏறலாம். முழங்கால் வலிக்காரர்கள் கீழேயே இருக்கட்டும், வாயிலுக்கு எதிரே கூரை போட்ட கூடாரத் துணிக் கடைத்தெரு இருக்கிறது. ஒட்டுத் துணி வேலைப்பாட்டை ஊசியும் கையுமாக உட்கார்ந்து தைக்கிறார்கள். பாப்பிரஸ் கடைக்கு இது எவ்வளவோ மேல், கமிஷன் கிடைக்குமா என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

நடைமுறையில் என்ன தடை வரும் என்று நீங்கள் கேட்கலாம். தெரு சமதளம், பெரும் பகுதியில் வண்டி ஓட்டம் இல்லை. வெள்ளிக்கிழமை மதியத்தைத் தவிர்த்துவிடுங்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள ஒரு பை, பெண்களுக்கு ஒரு துப்பட்டா போதும். சாப்பாட்டுக்கு உங்கள் சமையல்காரரின் புளியோதரைப் பொட்டலம் ஒரு வேளைக்கு ஓய்வெடுக்கட்டும். அரிசி, பருப்பு, மக்ரோனி, வறுத்த வெங்காயம் போட்ட கொஷரி சுத்த சைவம், விலையும் குறைவு. ஆங்கிலத்தில் படித்த கதையை ஒப்பிக்கும் வழிகாட்டிக்குப் பதிலாக, இந்தத் தெருவை நடந்து பழகிய உள்ளூர் ஆளை ஒரு நாளுக்கு அமர்த்துங்கள். தமிழில் எடுத்துச் சொல்ல உங்கள் குழுத் தலைவர் முதல்நாள் இரவு ஒரு மணி நேரம் படித்தால் போதும்.

எகிப்தின் நல்ல பருவம் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. அடுத்த பருவத்துக்கான பிரசுரம் அச்சுக்குப் போகும் முன் கெய்ரோ பகுதியை ஒருமுறை திறந்து, ‘கான் அல்-கலீலி ஷாப்பிங்’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘அல்-முயிஸ் தெரு, காலை முதல் மாலை வரை’ என்று எழுதுங்கள். ஒரு நாள் கூடினால் ஒரு ராத்திரி ஹோட்டல் செலவு கூடும்தான். அதைக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் கட்டத் தயார், என்னைப் போல இன்னும் பலர் இருப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேருந்தில் வந்த ஒரு பயணி